பழைய கீ

உள்ள வாங்க பாய். செருப்போடயே வாங்க, பரவாயில்ல. கதவைச் சாத்த வேணாம், அதைத்தான் நீங்க பாக்கணும். அதோ, அந்தப் பூட்டுதான். ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத் திறக்குது, நல்லாப் பூட்டுது. அப்புறம் எதுக்கு இந்த ஆளு நம்மள வரச் சொன்னான்னு பாக்கறீங்க. சொல்றேன். முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல கித்தார் இருக்கு. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. டீ போடட்டுமா? பால் இல்லாத டீதான். நான் ஒரே ஆளு, பால் வாங்கினா திரிஞ்சு போகுது.

கித்தாரைப் பாக்கறீங்களா? பாருங்க, கையை மட்டும் வச்சுடாதீங்க. கடையில தொங்குமே, முன்பக்கம் தட்டையா, நடுவுல வட்டமா ஓட்டை போட்டு, அது வேற. இது முன்பக்கம் வயலின் மாதிரி வளைவா வயிறு எடுத்திருக்கும். ஓட்டையும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் நெளிநெளியா. ஆர்ச்டாப்புன்னு சொல்லுவாங்க. ஜெர்மனியில செஞ்சது, என்னை விட வயசு ஜாஸ்தி. இங்க பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல மெர்வின் சார்னு ஒரு ஆங்கிலோ இந்தியர் இருந்தார். குடும்பத்தோட ஆஸ்திரேலியா போகும்போது, சிகாமணி, நீதான் இதை ஒழுங்கா வச்சிருப்பேன்னு சொல்லி என்கிட்ட விட்டுட்டுப் போனார். சிகாமணின்னா நான்தான். முழுப் பேரு ஞானசிகாமணி. கல்யாண ரிசப்ஷன், சர்ச் ஆராதனை, கிறிஸ்மஸ் கேரல்ஸ், எல்லாத்துக்கும் நான் தூக்கிட்டுப் போனது இதைத்தான். இப்ப கச்சேரி இல்ல. நாலு பேருக்கு கிளாஸ் எடுக்கறேன், பொழுது போகுது.

மேல தலைப் பக்கம் பாருங்க. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு திருகு இருக்கா? கம்பியை முறுக்கிச் சுருதி சேக்கறது. இதுக்குப் பேரு கீ. எங்க வீட்டுல கீன்னா இதுதான். கதவுக்குப் போடறது சாவி. பீரோவுக்குப் போடறதும் சாவி. இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னா, மாடியில கற்பகம்னு ஒரு அம்மா குடியிருக்காங்க, அவங்க இதை ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க பூட்டு வேலை செய்யறவர், நீங்களே சொல்லுங்க. கதவைத் திறக்கறதுக்குப் பேரு என்ன? சாவிதானே? சரி, உங்க கடை போர்டுல கீ மேக்கர்னுதான் எழுதியிருக்கு. பாத்தேன். போர்டு வேற, பேச்சு வேற பாய்.

எனக்கு ஒரே பொண்ணு. எப்சிபான்னு பேரு, எப்சின்னு கூப்பிடுவோம். அவ அம்மா போனப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். கித்தார் நல்லா வாசிப்பா, என்னை விட நல்லாவே வாசிப்பா, அதை நான் அவகிட்ட சொன்னதில்ல. வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கினா. மத்த பிள்ளைங்க அப்பாவுக்கு சட்டை வாங்கித் தரும், செருப்பு வாங்கித் தரும். இவ என்ன பண்ணா தெரியுமா? சபை கூட்டத்துக்கு நான் நாசரேத் போயிருந்த நேரம் பாத்து, இந்தக் கித்தாரைத் தூக்கிட்டுப் போய் புரசவாக்கத்துல ஒரு ரிப்பேர் கடையில கொடுத்து, இதுல இருந்த கீ ஆறையும் கழட்டிட்டு புது கீ மாட்டிக் கொண்டாந்து வச்சுட்டா. குரோமியம் பூச்சு. எவர்சில்வர் பாத்திரக் கடை மாதிரி பளபளன்னு. ஊர்ல இருந்து வந்து பாக்கறேன், எனக்கு என் கித்தாரையே அடையாளம் தெரியல.

கேட்டா, உங்க கை வலிக்குதுன்னுதான்பா அப்படிங்கறா. எனக்கு இந்தப் பெருவிரல் மூட்டுல வலி உண்டு. பழைய கீ கொஞ்சம் டைட். திருப்பும்போது நான் முகத்தைச் சுளிப்பேனாம், பல்லைக் கடிப்பேனாம், அதையெல்லாம் கவனிச்சிருக்கா. புதுசு எப்படித் திரும்புது பாருங்கப்பான்னா. நல்லாத்தான் திரும்புச்சு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காக? ஒரிஜினல் போச்சே. அந்த ஜெர்மன்காரன் இதுக்குன்னே செஞ்சு மாட்டினது. புது கீயோட தண்டு தடிமன், அது நுழையணும்னு தலையில இருந்த ஓட்டையெல்லாம் துளை போட்டுப் பெருசாக்கி வச்சிருக்கான் கடைக்காரன்.

நான் அவளை ஒரு வார்த்தை திட்டல பாய். சத்தியமா சொல்றேன். கித்தாரை எடுக்கும்போது, ஒரிஜினல் போச்சுன்னு மட்டும் சொல்லுவேன். அவ்வளவுதான். சாப்பிட உக்காரும்போது சில நாள் சொல்லுவேன். வீட்டுக்கு யாராவது வந்தா அவங்ககிட்ட காட்டிச் சொல்லுவேன். இதைத் திட்டறதுன்னு சொல்ல முடியுமா?

அப்புறம் அவ கல்யாணம். அதை விடுங்க, அது வேற கதை. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஏற்கெனவே கல்யாணமாகி, கோர்ட்டு வரைக்கும் போய் முறிஞ்ச ஒருத்தரை இவளுக்குப் பிடிச்சுப் போச்சு. பேரு ரவீந்திரன். நல்ல மனுஷன்னு கற்பகம்மா சொல்றாங்க. இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும், நான் பாத்ததில்ல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். கையெழுத்துகூடப் போட வேணாம்பா, சும்மா வந்து பக்கத்துல நின்னா போதும்னு கூப்பிட்டா. அன்னைக்கு எனக்கு வேலை இருந்துச்சு. கித்தார் கிளாஸ்ல புதுசா சேரணும்னு ஒருத்தர் வர்றதா சொல்லியிருந்தார். காத்திருந்தேன். அவர் வரல.

அந்த வாரம்தான் நம்ம தெருவுல ஒரு பைக் காணாம போச்சு. காலம் கெட்டுக் கிடக்கு. நம்ம ஜாக்கிரதையில நம்ம இருக்கணுமேன்னு வாசக்கதவுப் பூட்டைக் கழட்டிட்டு இந்தப் புதுப் பூட்டைப் போட்டேன். சிரிக்கறீங்க. பைக் போனதுக்கு வீட்டுப் பூட்டை எதுக்கு சார் மாத்தறீங்கன்னு கற்பகம்மாவும் அன்னைக்குக் கேட்டாங்க. எப்சிகிட்ட ஒரு சாவி இருந்துச்சு, எனக்குத் தெரியும். அதை நினைச்சு நான் மாத்தல. பைக் காணாம போனது உண்மை. நீங்க வேணா தெருவுல விசாரிச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம் பேச்சே இல்லேன்னு நினைச்சுடாதீங்க. ஃபோன் பண்ணுவா, எடுப்பேன். சாப்பிட்டீங்களாப்பா? சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா? போட்டாச்சு. வச்சுடறேன்பான்னு சொல்லுவா. சரின்னு சொல்லுவேன்.

ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் சாயங்காலம் நான் கடைக்குப் போயிட்டு வந்து குடையை உதறிக்கிட்டிருக்கேன், எப்சி கிட்ட இருந்து ஃபோன். பஸ்ஸுல இருந்து பேசினா. ஒரே இரைச்சல். அழறாளா, சளி பிடிச்சிருக்கா, ஒண்ணும் விளங்கல. அவ சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம உங்ககிட்ட சொல்றேன், கேளுங்க. "அப்பா, புதுசு மாட்டினது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா. பழைய கீயே போட்டுடுங்க. போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வந்துடறேன்."

கேட்டீங்களா? புதுசு மாட்டினது. யாரு மாட்டினது? நான்னும் அவ சொல்லல, நீங்கன்னும் சொல்லல. நம்ம பேச்சுல அது வேண்டியதும் இல்ல, கேக்கறவனுக்கே தெரியும். கித்தாருக்குப் புதுசு மாட்டினது யாரு? அவதானே? தான் மாட்டினது தனக்கே கஷ்டமா இருக்குன்னு சொல்றா. எனக்குப் பளிச்சுனு புரிஞ்சு போச்சு. அப்பன் வருஷக்கணக்கா சொன்னது இப்பத்தான் பிள்ளைக்கு உறைச்சிருக்கு. சரிம்மா, போட்டுடறேன்னு சொன்னேன். நிஜமாவாப்பான்னு கேட்டா. ஒரிஜினலே போட்டுடறேன், நீ கவலைப்படாதேன்னேன். தேங்க்ஸ்ப்பான்னா. அந்த அப்பாவை இழுத்துச் சொன்னா, சின்னப் பிள்ளையில இழுப்பா அந்த மாதிரி. கல்யாணத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் எனக்கு வயிறு நிறைய சோறு இறங்குச்சு.

ஒரு வீட்டுப் பூட்டு மாத்த எவ்வளவு நேரம் பாய் ஆகும்? அரை மணி நேரமா? ம். எனக்குக் கித்தார்ல பழைய கீயை மாட்டி முடியத் தை பிறந்துடுச்சு.

சும்மா இல்ல பாய் அந்த வேலை. முதல்ல புரசவாக்கம் கடைக்குப் போனேன். நல்லவேளை, கடைக்காரர் பழைய கீயைத் தூக்கிப் போடல, ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருந்தார். கொட்டிப் பாத்தா, எனக்கே பாவமா இருந்துச்சு. இது தனித்தனியா வர்றது இல்ல, ஒரு தகட்டுல மூணு கீ சேந்தே இருக்கும். ரெண்டு தகடும் இருந்துச்சு. ஆனா எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி பச்சை பூத்து, ஒண்ணும் அசையல. கையில பிடிச்சுத் திருப்பற குமிழ் இருக்கே, பால்கோவா நிறத்துல, அது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். வயசானா தானா உதிருமாம். தொட்டேன், மாவா கொட்டுச்சு.

தகட்டை மண்ணெண்ணெயில ஊறப்போட்டேன். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷை வச்சு ஒவ்வொரு பல்லா, கியர்ல பல்லு இருக்குமே, அதைத் தேய்ச்சேன். வீடு பூரா மண்ணெண்ணெய் வாசம். அப்பத்தான் கற்பகம்மாவோட சண்டை. வாசம் மாடிக்கு வருதுன்னாங்க. நீங்க தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்தாம விடறீங்களே, அதை நான் கேட்டேனான்னு நான் கேட்டேன். அதோட பேச்சு நின்னு போச்சு. கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் நாங்க பேசிக்கல. படியில எதிர்ல வந்தா அவங்க செவுத்தைப் பாப்பாங்க, நான் ஆகாசத்தைப் பாப்பேன். அதை ஞாபகம் வச்சுக்குங்க, அவங்க எனக்குச் சொல்ல வேண்டிய ஒண்ணைச் சொல்லாம விட்டதுக்கு அதுதான் காரணம். என் தப்பு இல்ல.

தேய்ச்சதுல அஞ்சு கீ உயிர் வந்துடுச்சு. ஒண்ணுல மட்டும் கியர் தேஞ்சு போச்சு, பிடிக்கல, வழுக்குது. அந்த அளவு கியர் இப்ப எங்க கிடைக்கும்? அலைஞ்சேன். மழையில அலைஞ்சேன். கடைசியில புளியந்தோப்புப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில உடைஞ்ச மேண்டலின் ஒண்ணு கிடந்துச்சு. அதுல இருந்த கியர் அப்படியே அச்சு. கடைக்காரர் காசு வேணாம், பித்தளை ஏதாவது இருந்தா கொண்டாங்க பெரியவரே, மாத்திக்கலாம்னார். வீட்டுல பித்தளைன்னு தேடினா என்ன இருக்கு? கதவுல இருந்து கழட்டின பழைய பூட்டு இருந்துச்சு. நல்ல கனமான பித்தளை. பரண்ல சும்மாதானே கிடக்குதுன்னு அதைக் கொடுத்துட்டு கியரை வாங்கிட்டு வந்தேன். எனக்கு அது லாபமாத்தான் தெரிஞ்சுது. ஏன் பாய் தலையில கை வச்சுக்கறீங்க?

அடுத்தது லேத் பட்டறை. ஓட்டையைப் பெருசாக்கிட்டானே, பழைய கீயை அப்படியே மாட்டினா லொடலொடன்னு ஆடும். அதனால பித்தளையில சின்னச் சின்ன வளையமா புஷ் கடைஞ்சு ஓட்டையில இறுக்கணும். புது கீயோட ஸ்க்ரூ ஓட்டைகளை அடைக்கணும். அதுக்குப் பல் குத்துற குச்சியும் மரப் பசையும் போதும், அதை நானே பண்ணேன்.

குமிழுக்குத்தான் வழி தெரியல. அப்ப நம்ம சபையில விக்டர்னு ஒருத்தர், பல் செட்டு செய்யறவர். டாக்டர் இல்ல, டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்பினா வார்த்துக் கொடுக்கறவர். அவர்கிட்ட போய், விக்டர், எனக்கு ஆறு வேணும்னேன். மேல் பல்லாண்ணே கீழ்ப் பல்லாண்ணேன்னு கேக்கறார். கித்தாருக்குப்பான்னேன். ஆளு அசரல. வரிசையா பல்லு ஒட்டின ஒரு அட்டையை எடுத்து நீட்டி, எந்தக் கலருன்னு பாருங்கண்ணேங்கறார். வெள்ளையில எத்தனை வெள்ளை இருக்கு தெரியுமா? ஒண்ணொண்ணா வச்சுப் பாத்தா, நிறைய டீ குடிக்கிறவங்களுக்குப் போடற கலர் கச்சிதமா ஒத்துப் போச்சு. இதோ பாக்கறீங்களே, இந்தக் குமிழெல்லாம் பல் செட்டுதான். கடிக்காது, பயப்படாதீங்க.

இதுக்கு நடுவுல எப்சி கேட்டுக்கிட்டுதான் இருந்தா. போட்டாச்சாப்பா? இல்லம்மா, ஒரு பாகம் கிடைக்கல. போட்டாச்சாப்பா? ஆளுகிட்ட கொடுத்திருக்கேம்மா, இன்னும் வரல. மார்கழி ஆரம்பத்துல கேட்டா, கிறிஸ்மஸுக்குள்ள முடிஞ்சுடுமாப்பா? எனக்கும் கிறிஸ்மஸுக்கு வரணும்னு இருக்கு. அந்த நேரம் பாத்து விக்டருக்கு நிறைய வேலை, கல்யாணப் பொண்ணு ஒண்ணுக்கு முன்பல்லு அவசரமாம். என்ன பண்ணச் சொல்றீங்க? முடியாது போல இருக்கும்மான்னேன். சரிப்பான்னா. கிறிஸ்மஸுக்கு அவ வரல. கேக் வாங்கினேன், அப்படியே இருந்துச்சு, எறும்பு தின்னுச்சு. அதுக்கப்புறம் அவ போட்டாச்சான்னு கேக்கறதை விட்டுட்டா. நானும் எதுவும் சொல்லல. முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம், சந்தோஷப்படுவான்னு இருந்தேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் எல்லாம் மாட்டியாச்சு. கம்பியும் புதுசு போட்டேன். பாக்கறதுக்கு மெர்வின் சார் கொடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. ஆனா பழைய கீ பாருங்க, டைட். அஞ்சு கம்பியை எப்படியோ ஏத்திட்டேன். ஆறாவதுக்கு வரும்போது பெருவிரல்ல உயிர் போகுது. கிடக்கட்டும், அவளே வந்து சேக்கட்டும்னு விட்டுட்டேன். இன்னமும் அது அப்படித்தான் இருக்கு. உடனே அவளுக்கு மெசேஜ் போட்டேன். பழைய கீ போட்டாச்சு. ஒரிஜினல். நீ வரலாம். அவ்வளவுதான் எழுதினேன். பதில் உடனே வந்துச்சு. நாளைக்கே வர்றேன்பான்னு போட்டு, பக்கத்துல வரிசையா சிவப்பு சிவப்பா இதயம் பொம்மை.

மறுநாள் வஞ்சிரம் வாங்கினேன். பால் வாங்கினேன். ஆபீஸ் விட்டு சாயங்காலம்தான் வருவான்னு என் கணக்கு. அவ லீவு போட்டுட்டு மத்தியானமே வருவான்னு எனக்குத் தெரியுமா? சொல்லியிருக்கலாம்ல? மீனுக்கு மசாலா தடவி வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, இந்த நாற்காலியில உக்காந்து கித்தாரை மடியில வச்சுத் துடைச்சுக்கிட்டிருக்கேன். அப்ப வாசக்கதவுல ஒரு சத்தம். யாரோ பூட்டுல சாவியை விடறாங்க. திருப்பறாங்க. திரும்பல. வெளிய எடுக்கறாங்க, திரும்ப விடறாங்க. பட்டப்பகல்ல பாய்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உள்பக்கமா பூட்டிட்டு சாவியை என் சட்டைப் பையில வச்சிருக்கேன், வேற யாருகிட்ட சாவி இருக்கும்? நான் என்ன நினைப்பேன்? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

கித்தாரை மெதுவா வச்சுட்டு, சத்தம் போடாம போய், மேல் தாழ்ப்பாளைச் சடக்குனு போட்டேன். போட்டுட்டு, யார்ரா அதுன்னு ஒரு சத்தம் கொடுத்தேன்.

வெளிய அப்படியே அடங்கிப் போச்சு.

கொஞ்ச நேரம் காதை வச்சுக் கேட்டேன். ஒண்ணும் இல்ல. ஜன்னலைத் திறந்து பாத்தா தெருக்கோடியில ஒரு ஆட்டோ திரும்புது. ஓடிட்டான்னு நினைச்சேன். நல்லவேளை, நல்ல பூட்டாப் போட்டோம்னுகூட நினைச்சேன்.

அப்புறம் கதவைத் தட்டறாங்க. கற்பகம்மா. ரெண்டு மாசமா பேசாதவங்க, கண்ணெல்லாம் கலங்கி நிக்கறாங்க. "சிகாமணி சார், பெத்த பொண்ணு வாசல்ல நிக்கும்போது தாழ்ப்பாள் போடுவாங்களா?"ன்னாங்க. அவங்க கையில ஒரு சாவி. "தெருவுல போய் அவளை நிறுத்தி, காலிங் பெல்லை அடிம்மான்னு சொன்னேன். அப்பா உள்ளதான் இருக்காங்க ஆன்ட்டி, வரச் சொல்லிட்டுத் தாழ்ப்பாள் போட்டாங்க, எனக்குக் கேட்டுச்சுன்னு சொன்னா. இதை உங்ககிட்ட கொடுத்துடச் சொல்லிட்டுப் போயிட்டா."

அப்பத்தான் மிச்சத்தையும் சொன்னாங்க. ஐப்பசியில, அந்த ஃபோன் வந்த அன்னைக்கு, நான் கடைக்குப் போயிருந்த நேரம் எப்சி வந்திருக்கா. மழையில நனைஞ்சுக்கிட்டே இந்தச் சாவியைப் போட்டுப் போட்டுப் பாத்திருக்கா. திறக்கலேன்னதும் படியில உக்காந்து அழுதிருக்கா. இவங்க மேல கூட்டிட்டுப் போய் துண்டு கொடுத்து, டீ கொடுத்து, பஸ் ஏத்தி விட்டிருக்காங்க. மறுநாள் என்கிட்ட சொல்லலாம்னு கீழ இறங்கி வந்தாங்களாம். மண்ணெண்ணெய் வாசம் அடிச்சுதாம். அதுல சண்டை வந்து, சொல்ல வந்ததை விட்டுட்டாங்க.

நான் சொன்னேன், நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா, அவ கேட்டது கித்தாரை. இதோ பாருங்க, ஆறு கீயும் பழசுன்னு எடுத்துக் காட்டினேன். "அய்யோ சார், அவ கேட்டது கதவை!"ன்னு தலையில அடிச்சுக்கறாங்க. கதவுன்னா சாவின்னுல்ல சொல்லணும், எங்க வீட்டுல யாரும் சாவியைக் கீன்னு சொல்ல மாட்டோம்னு சொன்னேன். இதுல என்ன தப்பு? அதுக்கு அவங்க, "அவ இப்ப வேற வீட்டுலல்ல சார் இருக்கா"ன்னாங்க.

நான் கித்தாரைத் திரும்ப நாற்காலியில வச்சேன்.

அவங்க போனப்புறம் எப்சிக்கு ஃபோன் பண்ணேன். அடிச்சுது, எடுக்கல. திரும்பப் பண்ணேன், எடுக்கல. எனக்கு அழுகை வரல பாய். கோவம் வரும்னு பாத்தேன், அதுவும் வரல. காலை மடக்கி ரொம்ப நேரம் உக்காந்துட்டு எழுந்தா கால் நம்மளது மாதிரியே இருக்காதே, எனக்கு உடம்பு பூரா அப்படி இருந்துச்சு. மசாலா தடவின மீனை என்ன பண்றது? வறுத்தேன். சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்து சாப்பிட்டேன். உப்பு இருந்துச்சா இல்லையான்னு இப்ப கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. தட்டைக் கழுவி வச்சேன். பாலைக் காய்ச்சாம விட்டுட்டேன், அது திரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் இப்படியேதான் போகுது. கிளாஸுக்கு வர்றவங்க வர்றாங்க, நான் சொல்லிக் கொடுக்கறேன். என்ன சார் ஒரு மாதிரி இருக்கீங்கன்னு ஒருத்தர் கேட்டார். நல்லாத்தான் இருக்கேன்னேன்.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம்தான். காலிங் பெல் எதுக்கு இருக்கு? சுவிட்சு வாசல்லயே இருக்கு, கைக்கு எட்டற உயரம். அடிச்சிருந்தா நான் ஓடி வந்து திறந்திருப்பேன்ல? சொந்த வீட்டுக்கு வர்றவ பெல் அடிச்சா என்ன குறைஞ்சா போயிடுவா? நீங்க சொல்லுங்க பாய். உங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வந்தா பெல் அடிக்குமா, அடிக்காதா?

சரி, விடுங்க. நீங்க சொல்ல வேணாம்.

இதோ அந்தச் சாவி. பிடிங்க. பழைய பூட்டு இருந்தா கழட்டி மாட்டற வேலைதான்னு சொல்லுவீங்க. அதுதான் இல்லையே. அதுக்குப் பதிலா வந்தது அந்தக் கித்தார் தலையில உக்காந்திருக்கு. புளியந்தோப்புக்குப் போய்க் கேட்டுட்டேன், எப்பவோ உருக்கப் போயிடுச்சாம். ஆனா இந்தச் சாவி இந்தப் புதுப் பூட்டுக்குள்ள நுழையுது. ரெண்டும் ஒரே கம்பெனி. திரும்பத்தான் மாட்டேங்குது. பூட்டைத் திறந்து உள்ள இருக்கற லீவரை மாத்தி, இந்தச் சாவிக்குச் சேர்ற மாதிரி பண்ண முடியுமா? முடியும்கறீங்களா? அப்ப பண்ணுங்க. நேரம் ஆனா ஆகட்டும்.

எதுக்குன்னு கேக்காதீங்க. அவ கேட்டது கித்தாரைத்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இது சும்மா. அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டுமேன்னு.

எத்தனை சாவியா? எனக்கு ஒண்ணு புதுசா வெட்டிடுங்க, அது போதும். இந்தப் பழசு எனக்கு வேணாம். அது அவளோடது, அவகிட்டதான் இருக்கணும். ஃபோன்ல சொல்லலாம்னா எடுக்க மாட்டேங்கறா. கூரியர்ல எல்லாம் அனுப்பக் கூடாது, நானே நேர்ல போய் அவ கையில கொடுக்கணும்னு இருக்கேன். நீங்க வேலையை முடிச்சதும் கிளம்பிடலாம்னுதான் சட்டையெல்லாம் மாத்திட்டு உக்காந்திருக்கேன். ஆட்டோவா? ஆமா, ஆட்டோதான் பிடிக்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டோ இருக்கா? வரச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும். எங்க போகணும்னு சொல்லணுமா?

கொரட்டூர் பக்கம்னு நினைக்கறேன். இல்ல, கொளத்தூரா. பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம்னு ஒரு தடவை சொன்னா, அப்படின்னா அதை விடத் தூரமா இருக்கும்.

தெரியல பாய். அவ எங்க குடியிருக்கான்னு நான் கேட்டதே இல்ல.